மணல் திட்டில் ஒரு பரிசல்

அத்தியாயம் 7

"பாடி கிடைக்கணும், மேடம். அது கிடைச்சாத்தான் எனக்குத் தூக்கம்."

நான்காவது தடவை. சந்திரமோகன் அழுதுகொண்டுதான் சொன்னார். அழுகையும் நிஜம்போலத்தான் இருந்தது. ஆனாலும் மனைவியையும் மகளையும் ஆற்றில் தொலைத்துவிட்டு மூன்றாம் நாளாக உட்கார்ந்திருக்கிற மனிதர், 'எங்கேயாவது உயிரோட கரை ஒதுங்கியிருக்கக் கூடாதா' என்று ஒரு பேச்சுக்காவது கேட்பார் என்று வஹிதா எதிர்பார்த்தாள். கேட்கவில்லை.

வஹிதா தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். பதினெட்டு வருடத் தொழில். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. அவள் எழுதிக் கொடுத்த அறிக்கைகளில் இதுவரை ஒரு பொய் வரி கிடையாது. அதனாலேயே நின்றுபோன கல்யாணங்கள் நாற்பத்தொன்று என்பார் அவளுடைய உதவியாளர் இன்னாசி. "ஜில்லாவுலயே கல்யாணப் பத்திரிகை வராத வூடு மேடம் வூடுதான்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

இன்னாசி முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டியில் ஏறினாலும் இறங்கினாலும் அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டி "ரைட்!" சொல்லாமல் நகரமாட்டார். கார், ஆட்டோ எதுவும் தப்பாது. சொந்தக்காரர் ஒருவரின் இறுதி ஊர்வல வண்டியைக்கூட அப்படித்தான் வழியனுப்பி வைத்தார். இன்று காலை வஹிதாவின் பழைய மாருதிக்கும் ஓட்டல் வாசலில் ரைட் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

ஓட்டலின் பெயர் நீர்முனை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையில் ஒரு இடத்தில் பிரிந்து, ஆறு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் குலுங்கினால் வந்து சேரும். எட்டே அறைகள். வாசலில் காவிரி. போன் சிக்னல் கிடையாது. 'நிம்மதிக்கு ஒரு முகவரி' என்று போர்டு வைத்திருந்தார்கள். இந்த மூன்று நாளில் அதை யாராவது கழற்றியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, சந்திரமோகன் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி சசிகலாவும் ஏழு வயது வெண்மதியும் அறையை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள். படித்துறையில் கட்டியிருந்த ஓட்டல் பரிசலைக் காணோம். மதியம், இரண்டு கிலோமீட்டர் கீழே ஒரு மணல் திட்டில் அந்தப் பரிசல் கவிழ்ந்து கிடந்தது. தாயும் மகளும் கிடைக்கவில்லை. விபத்து என்று போலீஸ் முடிவுக்கு வந்துவிட்டது. அதில் திருப்தி இல்லாமல் சந்திரமோகன் வஹிதாவைக் கூப்பிட்டிருந்தார்.

"கடலுக்குப் போறதாத்தானே இருந்தீங்க?" என்றாள் வஹிதா.

"ஆமா. காலாண்டு லீவு. மகாபலிபுரத்துல ரூம்கூடப் பார்த்து வெச்சிருந்தேன். கடைசி நேரத்துல பாப்பா பரிசல்ல ஏறணும்னு ஒரே அடம். சசியும் கூடச் சேர்ந்துக்கிட்டா."

"அவங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"அவளுக்கா? தண்ணின்னாலே பயம். பக்கெட்டைத் தவிர வேற தண்ணியில இறங்கினதில்லை."

"அவங்க போனைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

சந்திரமோகன் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ரோஜா நிற உறை போட்ட போன். கட்டைவிரலை வைத்தார். திறந்துகொண்டது. வஹிதா வாங்கி இரண்டு மூன்று இடத்தில் தொட்டுப் பார்த்தாள்.

"இதுல ஒரே ஒரு விரல்தான் பதிஞ்சிருக்கு, சார்."

"குடும்பத்துக்குள்ள என்ன மேடம் ஒளிவு மறைவு?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வராந்தாவுக்கு வந்ததும் இன்னாசி குரலைத் தாழ்த்தினார். "பொண்டாட்டி போனுக்குப் புருசன் விரல் சாவி. அப்ப பொண்டாட்டி விரல் எதுக்குங்க, ஊறுகாய் தொட்டுக்கவா?"

"அதை விடுங்க இன்னாசிண்ணே. சென்னையில பிறந்து வளர்ந்த குழந்தை. கடல் பக்கத்துலயே இருக்கு. அது பரிசலுக்கு எதுக்கு அடம் புடிக்கணும்? அப்படி ஒண்ணு இருக்குன்னு அதுக்கு யாரு சொன்னாங்க?"

இன்னாசி சமையற்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். 

சமையற்கட்டுக்குப் பின்னால் செல்லி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஓட்டலின் சமையல்காரி. கேட்பதற்கு ஒருவர் வரமாட்டார்களா என்று மூன்று நாளாகக் காத்திருந்தவள் மாதிரி கொட்டினாள்.

"அந்தம்மா தங்கமானவங்க. சாப்ட தட்டு டம்ளரெல்லாம் அவங்களே கழுவி, வரிசையா கவுத்து வெச்சிட்டுத்தான் போவாங்க. 'நாங்க எதுக்குங்க இருக்கோம்'னாலும் கேக்க மாட்டாங்க. அவருதான் ஒரு மாதிரி."

"என்ன மாதிரி?"

"ஆத்துக்குக் குளிக்கப் போறப்பெல்லாம் ரூமை வெளிய பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டுப் போயிருவாரு. உள்ள ஆளு இருக்காங்களேன்னு கேட்டேன். 'பாப்பா தண்ணிகிட்ட ஓடிரும்'னாரு." செல்லி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். "பாப்பாவுக்குப் பூட்டு, சரி. அம்மாவுக்கு எதுக்குங்க?"

இந்தத் தொழிலில் அவள் அதிகம் பயந்தது கத்தி எடுத்தவர்களைப் பார்த்து அல்ல. நியாயமான காரணம் சொல்லிப் பூட்டுகிறவர்களைப் பார்த்துத்தான்.

படித்துறைக்கு இறங்கினார்கள். மரத்தடியில் பரிசல்காரர்கள் ஏழெட்டுப் பேர் பீடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு பரிசல் விடத் தடை. அவர்களுடைய பரிசல்களெல்லாம் கரையில் கவிழ்ந்து, வயிற்றில் பூசிய தார் மினுங்க வெயில் காய்ந்தன. காற்று புரட்டிக்கொண்டு போகாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். துடுப்புகள் அடியில்.

சந்திரமோகன் இரண்டு நாளாக இவர்களிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். அந்த மணல் திட்டுக்கு ஒருவரும் அவரைக் கூட்டிப் போகவில்லை. தடை, தண்ணீர் அதிகம், துடுப்பு உடைஞ்சிருக்கு என்று ஆளுக்கொரு காரணம்.

வஹிதா போலீஸ் அனுமதிக் கடிதத்தை எடுத்தாள். "அந்தத் திட்டுக்கு…"

"போலாங்க," என்று எழுந்துவிட்டார் ஒருவர். சென்னப்பன். அறுபது வயது இருக்கும். அவள் வாக்கியத்தை முடிக்கக்கூட விடவில்லை.

"திட்டுல காவலுக்கு இருந்த போலீஸ்காரர் போயிட்டாரா?" என்று கேட்டாள்.

"காலையிலதாங்க போனாரு. ஏறுங்க."

இதையும் அவள் மனதில் முடிந்துவைத்தாள்.

பரிசல் சுற்றிச் சுற்றி நகர்ந்தது. இன்னாசி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினார். "முன்னாடி எது, பின்னாடி எதுன்னே தெரியலீங்க. இதுல கண்டக்டர் எங்க நிப்பான்?"

சென்னப்பன் சிரிக்கவில்லை.

"தண்ணி எவ்வளவு வருதுங்க?" என்று வஹிதா கேட்டாள்.

"எட்டாயிரம் கன அடி. அன்னிக்கும் அதேதான்."

"இந்தத் தண்ணிக்குக் கவுறுமா?"

"தெரியாதவங்க தொட்டா குளத்துலயும் கவுறுங்க."

"தெரிஞ்சவங்க தொட்டா?"

துடுப்பு ஒரு கணம் நின்று, பிறகு தண்ணீரைக் குத்தியது.

மணல் திட்டு தெரிந்தது. அதன் மேட்டில், கற்களுக்கு நடுவே, கறுத்த முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பரிசல் கிடந்தது. கரை தட்டுவதற்குள் சென்னப்பன் தொடையளவு தண்ணீரில் குதித்தார். பயணிகள் இறங்கும்வரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் பரிசல்காரருக்கு அழகு. அவர் நிற்கவில்லை. விறுவிறுவென்று மேட்டுக்கு ஏறினார். கவிழ்ந்த பரிசலைச் சுற்றி வருவதுபோல வந்து, காலால் ஏதோ ஒன்றைத் தள்ளினார். 'தொப்'பென்று மணலில் ஒரு கல் விழுந்தது.

"என்னங்க அது?"

"பாம்பு கீம்பு இருக்குதான்னு பார்த்தேங்க," என்றார் சென்னப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இன்னாசி தடுமாறி இறங்கினார். இறங்கியதும் தாங்கள் வந்த பரிசலின் விளிம்பில் பட்பட்டென்று இரண்டு தட்டு. "ரைட்!"

வஹிதா அவர் கையையே பார்த்தாள். பிறகு மணலில் கிடந்த கல்லைப் பார்த்தாள்.

"இன்னாசிண்ணே, நீங்க ரிடையர் ஆகி எத்தனை வருஷம்?"

"ஆறுங்க மேடம்."

"இப்ப யாருக்கு ரைட் குடுத்தீங்க?"

இன்னாசி தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். "நான் குடுக்கலீங்க. அது பாட்டுக்குக் குடுக்குது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்."

"அதேதான்," என்றாள் வஹிதா.

கவிழ்ந்த பரிசலிடம் போய்க் குனிந்து, விளிம்பைத் தூக்கினாள். இன்னாசி ஒரு கை கொடுத்தார். உள்ளே நிழலில், காய்ந்த மணலில், துடுப்பு விளிம்போடு ஒட்டி நேராகப் படுத்திருந்தது. தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி.

"தேட வந்த தீயணைப்பு ஆளுங்க இதைப் பார்க்கலையா?" என்றார் இன்னாசி.

"ஆள் இருக்குதான்னு சந்துல டார்ச் அடிச்சுப் பார்த்திருக்காங்க. அவங்க தேடினது மனுஷங்களை. துடுப்பை யாரு தேடுவாங்க?" வஹிதா விளிம்பை மெல்ல இறக்கினாள். "பரிசல் கவுந்தா துடுப்பு ஆத்தோட போயிருக்கணும். இது போகலை. படுத்திருக்கு. மேல கல்லு வேற இருந்துச்சு. இது கவுந்த பரிசல் இல்ல, இன்னாசிண்ணே. வேலை முடிஞ்சு நிறுத்திவெச்ச பரிசல். ஓட்டல் கரையில ஏழெட்டு கிடக்குதே, அதே மாதிரி."

இன்னாசி மணலில் கிடந்த கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

வஹிதா சென்னப்பன் பக்கம் திரும்பினாள். "தண்ணியில போயிட்டாங்கன்னு எல்லாரும் நம்பணும்னு ஒருத்தங்க இதைக் கவுத்துட்டுப் போயிருக்காங்க. ஆனா கை சும்மா இருக்கலை. துடுப்பை உள்ள தள்ளி, கல்லைத் தூக்கி மேல வெச்சிருக்கு. சின்ன வயசுலருந்து தினமும் சாயங்காலம் செஞ்ச கை. உங்க கையா, பெரியவரே?"

"என் கையா இருந்தா அன்னிக்கே வந்து கல்லை எடுத்திருப்பேங்க," என்றார் சென்னப்பன். "பேப்பர்ல இந்தப் பரிசல் படத்தைப் பார்த்தப்பத்தான் எனக்கே தூக்கி வாரிப் போட்டுச்சு. எங்காளுங்க எல்லாருக்கும் படத்தைப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு. வாயைத் தொறக்கலை. எப்படா போலீஸ்காரர் போவாருன்னு ரெண்டு நாளா பார்த்துக்கிட்டுக் கெடந்தோம்."

"யாரு அந்த அம்மா?"

"மாயவன் மவ. நானும் மாயவனும் ஒரே துறையில பரிசல் போட்டவங்க. எட்டு வயசுல அவ தனியா ஆத்தைத் தாண்டுவா. அவன் செத்த பொறகு தருமபுரியில ஹாஸ்டல்ல சேர்ந்து படிச்சா. பொறகு கல்யாணம், சென்னை. பத்து வருசமா ஒரு போன் இல்ல. ஞாயித்துக்கிழமை விடிகாலம் கதவைத் தட்டுறா, புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, சொட்டச் சொட்ட நனைஞ்சு."

தண்ணீர் என்றாலே பயம். பக்கெட்டைத் தவிர வேறு தண்ணீரில் இறங்கினதில்லை. சந்திரமோகன் சொன்னது வஹிதாவின் காதில் திரும்ப ஒலித்தது. அது தெரியாமல் சொன்ன பேச்சா, தெரிந்தே சொன்ன பேச்சா?

"குழந்தை எப்படி இருக்கு?"

சென்னப்பன் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "நேத்துத்தாங்க ரெண்டு இட்லி சாப்டுச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே எறங்கலை. யாராவது கதவைச் சாத்துனா ஓடிப்போயி கட்டிலுக்கு அடியில படுத்துக்குது. அம்மா உள்ள போயிக் கூடவே படுத்துக்கறா. ஏழு வயசுப் புள்ளைங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

இன்னாசி மூக்கை உறிஞ்சினார். வஹிதாவுக்குக் கோபம் வந்தது. அறைக்குள்ளே வைத்துப் பூட்டிய கையின் மேல் வந்த கோபம்.

"எங்க இருக்காங்கன்னா…" என்று ஆரம்பித்தார் சென்னப்பன்.

"வேண்டாம்," என்று கையைக் காட்டித் தடுத்தாள் வஹிதா. "சொல்லாதீங்க. எனக்குத் தெரியாத வரைக்கும்தான் நான் பொய் சொல்லாம இருக்க முடியும். ரெண்டு பேரும் பரிசல்கிட்டப் போயி நில்லுங்க. வர்றேன்."

இன்னாசி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவள் கவிழ்ந்த பரிசலின் அந்தப் பக்கமாகப் போய்க் குனிந்தாள். அப்புறம் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வருவதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. வந்தவள் ஆற்றையே பார்த்துக்கொண்டு பரிசலில் ஏறினாள்.

எதிர் நீரில் ஓரமாகவே ஏறி வந்தார்கள். ஓட்டல் படித்துறையில் சந்திரமோகன் காத்திருந்தார். காலையில் அழுத முகம் இப்போது நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது.

"பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தோம், சார். கல்லுக்கு நடுவுல கவுந்து கிடக்கு."

"உட்காருங்க, மேடம்." வராந்தாவில் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். தன் போனை எடுத்து நீட்டினார். செய்தித்தாளில் வந்த அதே படம். விரலால் பெரிதாக்கினார். கறுத்த முதுகின் மேல் ஒரு கல். "இது கண்ணுக்குத் தெரியுதா?"

வஹிதா குனிந்து பார்த்தாள்.

"காலையில உங்ககிட்ட ஒண்ணு மறைச்சேன். சசியோட அப்பா பரிசல்காரர். இதே ஆறு. சொல்லியிருந்தா உங்க கண்ணு தானா அங்க போயிருக்கும். சொல்லாம அனுப்பினா என்ன பார்த்துட்டு வர்றீங்கன்னு தெரிஞ்சுக்க நினைச்சேன். என்னை எவனும் கூட்டிட்டுப் போக மாட்டேங்குறான். உங்களைக் கூட்டிட்டுப் போவான்னு தெரியும்." அவர் சிரித்தார். "பத்து வருஷமா அவ பாத்திரம் கழுவுறதைப் பார்த்திருக்கேன், மேடம். எத்தனை தடவை திட்டினாலும் மாறலை. குண்டானைக் கவுத்து வெப்பா. கரண்டியை அதுக்கு அடியில தள்ளி வெப்பா. அவங்கப்பன் சொல்லிக் குடுத்த புத்தி."

இன்னாசிக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த ஆள் பிணத்தைத் தேடச் சொல்லிக் கூப்பிடவில்லை. உயிரோடு இருப்பவளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான்.

"கல்லு எப்படி வேணா வந்திருக்கும்," என்றார் சந்திரமோகன். "அது பத்தாது. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நீங்க பொய் எழுத மாட்டீங்கன்னு விசாரிச்சுட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். துடுப்பு என்ன ஆச்சு?"

மீன் வறுக்கும் வாசனை வந்தது. சமையற்கட்டில் செல்லி எதையோ கீழே போட்டாள். சந்திரமோகன் திரும்பவில்லை. வஹிதாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தோட போயிருச்சு, சார்," என்றாள் வஹிதா.

"நல்லாத் தெரியுமா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அறிக்கையில எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அவர் அவள் கண்ணுக்குள் தேடினார். நெடுநேரம் தேடினார். பொய் அங்கே இல்லை. பிறகு அவருடைய தோள் தொங்கிப்போனது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"செத்துட்டாளா?" என்றார், தனக்குத்தானே. "என்னைக் கேக்காம?"

வஹிதா எழுந்துகொண்டாள். நிற்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. காரிடம் வந்து சாவியைத் தேடினாள். இன்னாசி அப்போதுதான் கவனித்தார். அவளுடைய சட்டையின் வலது கை முழங்கைக்கு மேல்வரை நனைந்து, அதன் ஓரத்தில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. அதே பரிசலில் வந்த இன்னாசியின் சட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை.

"மேடம்," என்றார் மெதுவாக. "துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு, போறதைப் பார்த்துக்கிட்டே நின்னீங்களா?"

"கண்ணுக்கு மறையற வரைக்கும்." அவள் கதவைத் திறந்தாள். "அறிக்கையில பொய் இருக்கக் கூடாது பாருங்க."

அவள் என்ஜினை உயிர்ப்பித்தாள். இன்னாசி சுற்றி வந்து, ஏறுவதற்கு முன்னால், பழக்கத்தில் காரின் முதுகைத் தட்டக் கையை ஓங்கினார். மாடியிலிருந்த தன் அறை ஜன்னலில் சந்திரமோகன் வந்து நின்றிருந்தார். அவர் பார்வை இன்னாசியின் கையின் மேல் இருந்தது. ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு இன்னாசி அதை மெல்ல இறக்கி, சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கார் ரைட் வாங்காமல் கிளம்பியது.